மனிதருக்கும் ஒரு வரைபடம் வேண்டும்

பினாங்கு மாநிலத்தின் தென்பகுதியில், செபராங் பிறை தென் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் சுங்கை பாக்காப். கரும்புத் தோட்டங்களால் உருப்பெற்று, பின்னர் ரப்பராலும் செம்பனையாலும் வாழ்ந்த வட்டாரம் அது. அவ்வூருக்குப் புதிதாக வருபவர் ஒருவர் மருத்துவமனைக்கோ, தமிழ்ப்பள்ளிக்கோ, கோயிலுக்கோ செல்ல விரும்பினால், எதிர்ப்படும் கடைக்காரரைக் கேட்பார். கடைக்காரர் கையை நீட்டி வழி சொல்வார். அவருக்குத் தெரியாவிடில் பக்கத்து மேசையில் தேநீர் அருந்துபவர் சொல்வார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்னும் பழமொழி அங்கே பொய்ப்பதில்லை.

இணையத்தளம் என்பதும் ஓர் ஊரே. அங்கும் தெருக்கள் உண்டு, சந்துகள் உண்டு, பூட்டிய வீடுகளும் உண்டு. ஆனால், வழி சொல்லும் கடைக்காரர் மட்டும் அங்கே இல்லை. அவருடைய வேலையைச் செய்வதற்கென ஏற்பட்டதுதான் தள வரைபடம். ஒரு தளத்தில் உள்ள பகுதிகள் யாவை, அவற்றுள் அடங்கிய பக்கங்கள் யாவை என்று ஒரே பக்கத்தில் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் வழி திறந்து வைக்கும் பட்டியல் அது. மலேசிய அரசுத் தளங்கள் பலவற்றில் ‘பெத்தா லாமான்’ என்ற பெயருடன் அது காணப்படுகிறது. தமிழ்நாட்டு மாவட்ட நிருவாகத் தளங்களில் ‘தள வரைபடம்’ என்றே எழுதப்பட்டுள்ளது.

இப்பட்டியல் இனித் தேவையில்லை என்று வாதிடுவோர் பெருகி வருகின்றனர். தேடும் வசதி வந்துவிட்டது. பட்டியல் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. புதுமையின் பெயரால் கேட்கப்படும் இக்கேள்வி, எளியவர் கையிலிருக்கும் ஊன்றுகோலைப் பறிப்பதற்கு ஒப்பானது. அவ்வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வது நலம்.

முதலில் ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்ட வேண்டும். தள வரைபடத்தில் இரு வகை உண்டு. ஒன்று மனிதர் படிப்பது. மற்றொன்று இயந்திரம் படிப்பது. 2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் கூகுள் நிறுவனம், தளங்கள் தம் பக்கங்களின் பட்டியலை எக்ஸ்எம்எல் என்னும் வடிவில் எழுதித் தரும் முறையை அறிமுகப்படுத்தியது. 2006ஆம் ஆண்டு நவம்பரில் யாகூவும் மைக்ரோசாப்டும் அதனை ஏற்றுக்கொண்டன. அன்றுதொட்டு, தளம் அமைப்போர் இயந்திரத்துக்குரிய பட்டியலைத் தவறாமல் எழுதி வைக்கின்றனர். அதனை எழுதாவிடில் தேடுபொறி தம் பக்கங்கள் சிலவற்றைக் காணாமற் போய்விடுமோ என்று அஞ்சுகின்றனர்.

உலகையே துழாவிவரும் ஆற்றல் பெற்ற இயந்திரத்துக்குப் பட்டியல் வேண்டும். முதன்முறையாகத் தளத்துக்குள் நுழையும் மனிதருக்கு அது வேண்டியதில்லை! இது என்ன நியாயம்? பட்டியல் இன்றியே எல்லாம் கிடைத்துவிடும் என்பது உண்மையானால், இயந்திரத்துக்கு மட்டும் ஏன் அதனை எழுதி வைக்கின்றனர்? விருந்தினருக்குக் கதவைச் சாத்திவிட்டு, அஞ்சற்காரரிடம் மட்டும் வீட்டின் வரைபடத்தைக் கொடுக்கும் விந்தையாக இருக்கிறது இச்செயல்.

வேண்டாம் என்போர் கூறும் முதற்காரணம், அப்பக்கத்தைப் பார்ப்போர் சிலரே என்பது. இதற்குச் சான்றும் உண்டு. தளங்களின் பயன்பாட்டை நெடுங்காலம் ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனின் குழு, ஒரு தளத்தின் அமைப்பை அறிந்துகொள்ளுமாறு மக்களிடம் கூறி, அவர்கள் என்ன செய்கின்றனர் என்று கவனித்தது. முதல் ஆய்வில் 27 விழுக்காட்டினர் தள வரைபடத்தை நாடினர். பின்னர் நடந்த ஆய்வில், 2008இல் வெளியான முடிவின்படி, 7 விழுக்காட்டினரே நாடினர். எண்கள் இவ்வாறு இறங்கியது உண்மை. ஆயினும் இவ்வெண்களை எடுத்துக்காட்டுவோர், அதே ஆய்வாளர் இறுதியில் கூறிய முடிவை மறந்துவிடுகின்றனர். தள வரைபடத்தைக் கைவிட வேண்டாம் என்பதே அவர் முடிவு. அதனை அமைக்க ஆகும் செலவு சிறிது. வழி தவறியவருக்குக் கிடைக்கும் பயன் பெரிது என்பது அவர் காட்டிய காரணம்.

ஆய்வாளர் துணை இல்லாவிடினும் இவ்வுண்மை விளங்கும். குறைவாகப் பயன்படுவது வேண்டாதது ஆகிவிடுமா? வீட்டில் நாள்தோறும் பயன்படுவது முன்வாசல். என்றோ ஒருநாள் பயன்படுவது பின்வாசல். முன்வாசலில் தீப்பற்றும் நாளில்தான் பின்வாசலின் அருமை தெரியும். அந்த 7 விழுக்காட்டினர் யார் என்று கேட்க வேண்டும். எளிதாக வழி கண்டுகொண்டவர் அவருள் பெரும்பாலும் இரார். எங்கெங்கோ அலைந்து, கிடைக்காமல், கடைசியாக அடிக்கோட்டருகே வந்து நிற்பவரே அவருள் மிகுதியாக இருப்பர். நூறு பேரில் ஏழு பேர் என்பது எண்ணிக்கை. அந்த ஏழு பேருக்கு வேறு வழியில்லை என்பது நிலைமை. எண்ணிக்கையைப் பார்த்து நிலைமையை மறப்பது அறமாகாது.

இரண்டாவது காரணம், தேடுபெட்டி. வேண்டிய சொல்லை எழுதினால் வேண்டிய பக்கம் வந்து நிற்கும் என்பர். இவ்வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை உள்ளது. தேடுவதற்குச் சொல் தெரிந்திருக்க வேண்டும். சொல் தெரியாதவரிடம் தேடுபெட்டியைக் கொடுப்பது, எழுத்தறியாதவரிடம் அகராதியைக் கொடுப்பது போன்றது.

சுங்கை பாக்காப் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி முதுமை எய்திய மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்க்க. அவருடைய பிறப்புப் பத்திரத்தில் ஒரு பிழை. அதனைத் திருத்த என்ன செய்ய வேண்டும் என்று, பேரனிடம் கைப்பேசியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். பாட்டியின் வாயில் அந்தப் பத்திரத்தின் பெயர் ‘சூராட் பெரானாக்’. தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த பெயர் அது. அலுவலக மொழியிலோ அதன் பெயர் ‘சிஜில் கெலாஹிரான்’. பேரன் பாட்டியின் சொல்லை எழுதித் தேடுகிறான் என்க. தளத்தில் உள்ளதோ வேறு சொல். ஒன்றும் இல்லை என்ற விடை வருமானால், இல்லாதது பத்திரமன்று; சொல்லே. ஆனால், அஃது அந்த மூதாட்டிக்கு எவ்வாறு தெரியும்? அரசாங்கத்தில் தமக்கு வழியில்லை என்றே அவர் எண்ணிக்கொள்வார். பிறப்பு, திருமணம், இறப்பு, குடியுரிமை என்று தலைப்புகளை வரிசையாக அடுக்கிய பட்டியல் ஒன்று இருந்திருப்பின், பிறப்பு என்னும் தலைப்பைக் கண்டு அதன் கீழ் நுழைந்திருப்பர். தேடுபெட்டி சொல்லைக் கேட்கிறது. பட்டியல் சொல்லைக் கற்பிக்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஊர்ப்பெயரையே எடுத்துக்கொண்டாலும் இத்துன்பம் விளங்கும். பழைய ஆங்கில ஏடுகளில் அவ்வூர்ப் பெயரின் முன்பாதி ‘சுங்கெய்’ என்னும் எழுத்தமைப்பில் வரும், இன்று ‘சுங்கை’. தமிழில் எழுதுவோர் பாக்காப் என்றும் பக்காப் என்றும் பாக்கப் என்றும் அவரவர் செவிக்கேற்ப எழுதுவர். இன்று செபராங் பிறை எனப்படும் நிலப்பகுதி, ஆங்கிலேயர் கைக்கு 1800இல் சென்றபோது வெல்லெஸ்லி என்னும் ஆளுநர் பெயரைப் பெற்றது. எனவே, தம் பாட்டனார் வேலைசெய்த தோட்டத்தின் வரலாற்றைச் செபராங் பிறை என்று தேடுபவருக்கு, வெல்லெஸ்லி என்று எழுதப்பட்ட ஏடு அகப்படாமலே போகக்கூடும். ஏடு அங்கேயே இருக்கும்; தேடியவர் இல்லையென்று திரும்புவார்.

தமிழ்த் தளங்களில் இக்குறை இன்னும் பன்மடங்கு. தமிழ் ஒட்டுமொழி. தோட்டம் என்பது தோட்டத்தில் என்றும், தோட்டத்துக்கு என்றும், தோட்டத்தார் என்றும் உருமாறும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் எளிய தேடுபெட்டிக்கு இவை யாவும் வெவ்வேறு சொற்கள். பள்ளி என்று தேடினால் பாடசாலை வாராது. போதாக்குறைக்கு எழுத்துருக் குழப்பம் வேறு. ஒருங்குறி பரவும் முன்னர்த் தமிழ்த் தளங்கள் பல்வேறு குறியாக்கங்களில் எழுதப்பட்டன. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு தாம், தாப் என்னும் குறியாக்கங்களை முன்வைத்தது. திஸ்கி முறையைப் பின்பற்றியோர் பலர் இருந்தனர். தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல்தான். பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த மலர்களை அப்படியே இணையத்தில் ஏற்றியிருப்பின், கண்ணுக்குத் தமிழாகத் தெரிபவை இயந்திரத்துக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். நிழற்படமாக ஏற்றியவை எழுத்தாகவே தெரியமாட்டா. இத்தகைய செல்வங்களைத் தேடுபெட்டி எங்ஙனம் கண்டெடுக்கும்? ஒரு மனிதர் அமர்ந்து, இன்ன ஆண்டு இன்ன மலர், அதில் இன்ன பொருள் என்று பட்டியலிட்டாலன்றி, அவை இருந்தும் இல்லாதனவே.

வினவினால் விடை கூறும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்று இன்று சிலர் கூறுவர். அதுவும் தளங்களில் படித்ததையே திருப்பிச் சொல்கிறது. படிக்க இயலாத பக்கத்தைப் பற்றி அது மௌனம் சாதிக்கும். அல்லது, அதனினும் கேடாக, இல்லாததைப் புனைந்து கூறும். கூறியது மெய்யா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கேனும் தளத்துக்காரர் கையால் எழுதிய பட்டியல் ஒன்று வேண்டாமா?

மூன்றாவது காரணம் சற்றுக் கூர்மையானது. செவ்வனே அமைந்த தளத்துக்கு வரைபடம் தேவையில்லை. வரைபடம் தேவைப்படுவதே அமைப்பின் குறைக்கு அடையாளம் என்பது அது. பட்டிகள் ஒழுங்காக இருந்தால் போதும் என்பர். பட்டிகள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. எனினும், கைப்பேசியின் சிறு திரையில் அப்பட்டிகள் எங்கே இருக்கின்றன? ஒரு மூலையில், மூன்று கோடுகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. அம்மூன்று கோடுகள் ஒரு கதவு என்பதை அறியாத முதியோர் எத்துணைப் பேர்! கதவைத் திறந்தாலும் ஒன்றனுள் ஒன்றாக மடிப்புகள். ஒரு மடிப்பைத் திறந்தால் மற்றொன்று மூடிக்கொள்கிறது. முழுமையும் ஒருசேரக் காணும் வாய்ப்பு எவ்விடத்தும் இல்லை.

கண்பார்வை இழந்தவர் நிலை மேலும் இரங்கத்தக்கது. திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருளைக் கொண்டு அவர் செவியால் வழி தேடுகிறார். மடிந்தும் விரிந்தும் ஆட்டம் காட்டும் பட்டியைவிட, தலைப்புகளும் அவற்றின்கீழ் வரிசைகளுமாக அமைந்த எளிய பக்கமே அவருக்கு நேரான பாதை. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட அணுகல் நெறிமுறைகளில், ஒரு பக்கத்தைச் சென்றடைய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருத்தல் வேண்டும் என்பது இரண்டாம் நிலையிலுள்ள விதிகளுள் ஒன்று. அவ்வழிகளுள் ஒன்றாகத் தள வரைபடத்தையும் அந்நெறிமுறையின் விளக்கம் சுட்டுகிறது. வரைபடமே கட்டாயம் என்று அது கூறவில்லை என்பதும் உண்மை. ஆனால், ஒரே வழி போதாது என்று அது கூறுகிறது. தேடுபெட்டி தவறும் மொழியில், பட்டி மறையும் திரையில், மிஞ்சும் வழி யாது என்பதை வேண்டாம் என்போரே கூறட்டும்.

இணையத்தின் போக்கே பட்டியலைக் கைவிட்டுவிட்டது என்பதற்கு யாகூவின் கதையை எடுத்துக்காட்டுவோரும் உளர். 1994இல் இருவர் தொகுத்த தளப்பட்டியலாகத் தோன்றிய யாகூ, தன் பட்டியலை 2014ஆம் ஆண்டின் இறுதியில் மூடிவிட்டது. உலகிலுள்ள தளங்கள் அனைத்தையும் கையால் பட்டியலிட முடியாது என்பதே அக்கதை தரும் பாடம். உலகைப் பட்டியலிட முடியாதவர், தம் வீட்டு அறைகளையும் எண்ண இயலாது என்று கூறுவது பொருந்தாது. கடற்கரை மணலை எண்ணுவது வேறு. கைவிரலை எண்ணுவது வேறு.

தமிழர் மரபு இவ்விஷயத்தில் என்ன கூறுகிறது? நூலின் வாயிலில் நூலின் உள்ளடக்கத்தைச் சொல்வது பழந்தமிழர் வழக்கம். சிலப்பதிகாரப் பதிகமும் மணிமேகலைப் பதிகமும் அவ்வக் காப்பியத்தின் பகுதிகளை வரிசைப்படுத்திக் கூறுகின்றன. சிறப்புப் பாயிரத்தில் கூறப்பட வேண்டியவை எட்டு என்று வகுத்த நன்னூலார், நுதலிய பொருளையும் பயனையும் கேட்போரையும் அவற்றுள் சேர்த்தார். யாருக்காக இந்நூல் என்பதை வாயிலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது எத்துணை நுட்பமான கருத்து! சுவடிகளை ஆய்ந்து 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், மூலத்தை அச்சிட்டதோடு தம் கடமை முடிந்தது என்று கருதியவரல்லர். தம் பதிப்புகளில் அரும்பத அகராதி போன்ற துணைகளை உழைத்துச் சேர்த்தார். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளுள் நான்காவது, வாசகரின் காலத்தைக் காக்க வேண்டும் என்பது. தளம் அமைப்போர் பலர் காப்பது தம் காலத்தையே. செலவழிப்பது வாசகரின் காலத்தை.

இன்றைய இணையத்திலும் இம்மரபைப் பேணுவோர் இல்லாமற் போகவில்லை. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தான் வெளியிட்ட நூல்களுக்கு வரிசை எண் கொடுத்துப் பட்டியலாக வைத்திருக்கிறது. பகட்டு ஏதுமில்லாத பட்டியல்தான். ஆனால், உலகின் எம்மூலையிலிருந்து வரும் தமிழ் மாணவரும் வேண்டிய நூலை அதில் கண்டுகொள்கிறார். 2005இல் தொடங்கிய இலங்கை நூலகத் திட்டமும் நூல், இதழ், ஆசிரியர் என்று வகைப்படுத்தி ஏடுகளைக் காட்டுகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமுதாயத்துக்கு, இருப்பதைப் பட்டியலிட்டு வைப்பதன் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அவ்வாறாயின், எல்லாத் தளங்களுக்கும் இப்பக்கம் கட்டாயமா? ஐந்தே பக்கங்கள் கொண்ட தளத்துக்கு வேண்டியதில்லை. அதன் முகப்பே அதற்கு வரைபடம். நாள்தோறும் நூறு செய்தி வெளியிடும் நாளேடு ஒவ்வொரு செய்தியையும் பட்டியலிட வேண்டியதில்லை. பகுதிகளையும் ஆண்டு, மாத வரிசையையும் காட்டினால் போதும். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளவையே மிகப் பல. அரசு அலுவலகம், நகராண்மை, மருத்துவமனை, பள்ளி, சங்கம், கோயில், நூலகம் ஆகியவற்றின் தளங்களுக்கு இப்பக்கம் இன்றியமையாதது.

அமைக்கும் முறையும் முக்கியம். இயந்திரத்துக்கு எழுதிய பட்டியலையே மனிதர்முன் கொட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று கைகழுவுதல் ஏமாற்று வேலை. அலுவலகப் பிரிவுகளின் பெயரால் அல்லாமல், மக்களின் தேவையின் பெயரால் தலைப்புகள் அமைய வேண்டும். வழக்குச் சொல்லும் அலுவலகச் சொல்லும் அருகருகே நிற்க வேண்டும். புதிய பக்கம் சேரும் நாளிலேயே பட்டியலிலும் சேர வேண்டும். நீங்கிய பக்கத்தின் பெயர் பட்டியலில் செத்த கிளையாகத் தொங்கலாகாது. எழுதிவிட்டு மறந்த பழம்பட்டியல்களைக் காட்டித்தான் இப்பக்கமே வீண் என்று வாதிடுகின்றனர். துருப்பிடித்த அரிவாளைக் காட்டி, அறுவடைக்கு அரிவாளே வேண்டாம் என்று எவரேனும் கூறுவரா?

இப்பக்கத்தைச் சிலர் தவிர்ப்பதற்கு, வெளியே சொல்லாத காரணமும் ஒன்று இருத்தல் கூடும். பட்டியல் என்பது ஒரு கணக்கு. என்ன இருக்கிறது என்று அது காட்டும்போதே, என்ன இல்லை என்பதும் வெளிப்பட்டுவிடும். ஆண்டறிக்கை என்ற தலைப்பின்கீழ் மூன்றாண்டுகள் விடுபட்டிருந்தால் அது கண்ணில் படும். தமிழில் தருவோம் என்று கூறிய பகுதி வெறுமையாக இருந்தால் அதுவும் தெரியும். அழகிய முகப்புப் படம் வெறுமையை மறைக்கும், பட்டியல் மறைக்காது. பொதுமக்களுக்குக் கணக்குக் காட்டும் நேர்மையுடைய அமைப்பு எதற்கு அஞ்ச வேண்டும்?

பினாங்கு, இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொட்டில். 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பைத் தொடக்கமாகக் கொண்டே, 2016இல் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டு நாடெங்கும் கொண்டாடப்பட்டது. அம்மாநிலத்தில் மட்டும் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பள்ளி ஆண்டுமலர்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள், தோட்டச் சங்கங்களின் அறிக்கைகள் என்று, எந்த வரலாற்று நூலிலும் ஏறாத மக்களின் பெயர்கள் அவ்வேடுகளில்தான் உயிர்வாழ்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளான பின்னர், அம்மக்கள் அங்கே வாழ்ந்தனர் என்பதற்கு அவையே சான்று. அவற்றை இணையத்தில் ஏற்றும் நற்பணியில் இளைஞர்கள் முனைவது பாராட்டுக்குரியது. ஆனால், ஏற்றிவைத்தல் பாதி வேலையே. பட்டியல் இல்லாமல் ஏற்றிய ஏடு, பூட்டிய பெட்டியில் போட்டுச் சாவியைத் தொலைத்த ஏடு.

ஆதலால், தளம் அமைக்கும் சங்கங்களும் பள்ளிகளும் முகப்பின் நிறத்தைப் பற்றி விவாதிக்கும் நேரத்தில் ஒரு பங்கையேனும் இதற்கு ஒதுக்கட்டும். ஒரே ஒரு பக்கம்; ஒரு மாலைப் பொழுதின் உழைப்பு; பின்னர் மாதத்துக்கு ஒருமுறை ஒரு பார்வை. இதனைச் செய்ய முடியாது என்று கூறும் அமைப்பு, தன்னிடம் என்ன இருக்கிறது என்பதைத் தானே அறியாத அமைப்பு. சுங்கை பாக்காப்பின் மூதாட்டி தம் பேரனின் கைப்பேசியை வாங்கிப் பார்க்கும்போது, அங்கே தமக்குத் தெரிந்த ஒரு சொல் தம்மை வரவேற்குமா என்பதே கேள்வி. கடைக்காரர் இல்லாத ஊரில், வழிகாட்டிப் பலகையையும் பிடுங்கி எறிவது நாகரிகமன்று.